கப்பா பிடிக்க உரிமம் வாங்கினேன்

தோனோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் பட்டது காவல் சாவடி. ஜப்பானியக் கதைகளில் வரும் கப்பா என்ற நீர்ப்பிராணியின் தலை மாதிரியே கட்டி வைத்திருக்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தேன். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நின்று சிரித்துப் பழக்கமில்லை.

தோனோ, ஜப்பானின் வடகிழக்கே இவாத்தே மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். ஷின்-ஹனமாக்கியில் புல்லட் ரயிலை விட்டு இறங்கி, காமாயிஷி பாதை ரயிலில் போக வேண்டும். சசாக்கி கிசென் என்ற இவ்வூர்க்காரர் சொல்லச் சொல்ல, நாட்டுப்புறவியல் அறிஞர் யானகிதா குனியோ எழுதிக்கொண்ட 119 கதைகள் 1910-ல் 'தோனோ மொனோகதாரி' (தோனோ கதைகள்) என்று புத்தகமாயின. முதலில் அச்சானது 350 பிரதிகள்தான். இன்று ஊரே அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பிழைக்கிறது.

கப்பா நீர்நிலைகளில் வாழும். சிறு பிள்ளை உயரம், முதுகில் ஓடு, உச்சந்தலையில் தண்ணீர் நிறைந்த ஒரு குழி. அந்தத் தண்ணீர் கொட்டிவிட்டால் பலம் போச்சு. எதிரே வந்தால் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டுமாம். மரியாதை தெரிந்த பிராணி, அதுவும் குனியும், கதை முடிந்தது. வெள்ளரிக்காய் என்றால் உயிர். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டும் சுஷிக்குக் 'கப்பா மாக்கி' என்று பெயர் வந்தது இதனால்தான்.

சுற்றுலா அலுவலகத்தில் கப்பா பிடிக்கும் உரிமம் விற்கிறார்கள். நானும் வாங்கினேன். விதிமுறைகள் வேறு! உயிரோடு பிடிக்க வேண்டும், காயம் படக்கூடாது, தலைத் தண்ணீர் சிந்தக்கூடாது, முகம் சிவப்பாகவும் வாய் பெரிதாகவும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டு, இவ்வளவு நுணுக்கமா என்று சிரித்தேன்.

வாடகை சைக்கிளில், வயல்களுக்கு நடுவே, எதிர்க்காற்றில் போய்ச் சேர்ந்தபோது தொடை விட்டுப்போயிருந்தது. ஜோகென்ஜி கோயில். அங்கே காவல் நாய்ச் சிலைக்கும் தலையில் குழி! கோயில் தீப்பிடித்தபோது கப்பா தண்ணீர் ஊற்றி அணைத்ததாம். பின்னால் ஓடுகிற ஓடைதான் கப்பாபுச்சி. புச்சி என்றால் மடு. ஆனால் முழங்கால் ஆழம்கூட இருக்குமா என்று தோன்றியது. கரையில் மூங்கில் தூண்டில், நுனியில் வெள்ளரிக்காய்.

ஓரமாக ஒரு குட்டிக் கோயில். உள்ளே சிவப்புத் துணியில் பஞ்சு அடைத்துத் தைத்த சின்னச் சின்ன முலைகள். தாய்ப்பால் சுரக்க வேண்டிக்கொண்டு பெண்கள் வைப்பது என்று அருகில் நின்ற பாட்டி சைகையிலேயே விளக்கினார். கப்பாவுக்கும் தாய்ப்பாலுக்கும் என்ன சம்பந்தம்?

புத்தகத்தில் கப்பா பிறந்த வீடுகளின் கதை வருகிறது. பார்க்கச் சகிக்காத குழந்தை; வெட்டிப் புதைத்துவிட்டார்களாம். மற்ற ஊர்க் கப்பாவின் முகம் வேறு நிறம், தோனோவில் மட்டும் சிவப்பு என்றும் அதே புத்தகம் சொல்கிறது. இந்த ஊர் பஞ்சத்தில் அடிபட்ட ஊர். மலைக்காட்டுப் பாறைகளில், பட்டினியில் செத்தவர்களுக்காகப் பிக்கு ஒருவர் செதுக்கிய முகங்கள் இன்றும் பாசி படிந்து கிடக்கின்றன. வளர்க்க வழியில்லாமல் ஆற்றோடு விட்ட பச்சைப்பிள்ளைகள்தான் இங்கே கப்பா ஆனார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜப்பானிய மொழியிலும் கைக்குழந்தைக்குப் பெயர் 'அக்காச்சான்'. 'அக்கா' என்றால் சிவப்பு.

உரிமத்தை எடுத்து அந்த விதியை மறுபடி பார்த்தேன். முகம் சிவப்பு. தூண்டிலைத் தொடவில்லை. சைக்கிளை ஐந்து மணிக்குள் திருப்பித் தர வேண்டும், கிளம்பிவிட்டேன்.