ஆறு மணிச் சங்கு: துப்பறியும் நாவல் பதினேழாம் அத்தியாயம் வரை வந்த கதை

தை மாதம் ஆரம்பித்த நாவல் இப்போது பதினேழாம் அத்தியாயத்தில் நிற்கிறது. 192 பக்க நோட்டு இரண்டு தீர்ந்து, மூன்றாவதில் பாதி வந்துவிட்டது. மொத்தம் இருபத்தாறு அத்தியாயம் என்று கணக்கு. பகலில் கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன், பதினாறு வருஷமாக. ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை நாவல். நடுவில் நாற்பது நாள் ஒரு வரிகூட எழுத முடியாமல் கிடந்தது. அது ஏன், எப்படித் திரும்ப நகர்ந்தது என்று எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

கதை இதுதான். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தில் ஒரு கலைக் கல்லூரி. நானே கட்டிய கல்லூரி, எந்த நிஜக் கல்லூரியும் இல்லை. பழைய நூலகத்துக்குப் பின்னால் ஒரு கிணறு. அதில் நூலகர் பிணமாக மிதக்கிறார். கால் தவறி விழுந்துவிட்டார் என்று ஊரே சொல்கிறது. அவர் மகள் மட்டும் நம்பவில்லை. தர்மபுரியில் தனியார் துப்பறியும் வேலை செய்யும் செல்வராணியிடம் வருகிறாள். செல்வராணிக்கு 46 வயசு. இதுவரை பார்த்ததெல்லாம் கல்யாண விசாரிப்பு: மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன சம்பளம் நிஜமா, வேறு குடும்பம் இருக்கிறதா. கொலையை அவள் தொட்டதே இல்லை.

முதல் ஆறு அத்தியாயத்தைக் கிடுகிடுவென எழுதிவிட்டு எங்கள் வக்கீல் சாரிடம் படிக்கக் கொடுத்தேன். அங்கேதான் முதல் அடி. நாலாம் அத்தியாயத்தில் செல்வராணி செல்போன் கம்பெனியில் வேலை செய்யும் தெரிந்த பையனிடம் நூலகரின் கால் லிஸ்ட்டை வாங்குகிறாள். சார் அந்தப் பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, "ஏம்மா, இதை வாங்கினா கொலைகாரனுக்கு முன்னாடி உன் செல்வராணிதாம்மா உள்ள போவா" என்றார்.

"அப்ப துப்பறிவாளருக்கு என்னதான் சார் அதிகாரம்?"

"உனக்கும் எனக்கும் இருக்கிறதுதான்."

வாசலில் நிற்கும் காவலாளிகளை அனுப்பும் செக்யூரிட்டி ஏஜென்சிக்கு 2005-ல் சட்டம் வந்துவிட்டது. துப்பறியும் ஏஜென்சிக்கு 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, ஆனால் சட்டமாகவில்லை. லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது, காட்டுவதற்கு அட்டையும் கிடையாது. யாரையும் நிறுத்தி வைத்து விசாரிக்க முடியாது. அறையைத் திறந்து காட்டு என்று கேட்க முடியாது. கல்லூரி வாட்ச்மேன் "யாரும்மா நீ?" என்று கேட்டால் செல்வராணி என்ன பதில் சொல்வாள்? இந்த ஒரு கேள்விதான் என்னை நாற்பது நாள் உட்கார வைத்தது. கேட்டைத் தாண்டி உள்ளே போகவே முடியாதவள் எப்படிக் கொலையைக் கண்டுபிடிப்பாள்?

இன்னொரு திருத்தம் என் கைப்பழக்கத்தால் வந்தது. சந்தேக மரணம் என்றாலே என் விரல் தானாக குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ம் பிரிவு என்று அடித்துவிடும், அத்தனை வருஷம் அடித்த நம்பர். என் கதை நடப்பது 2025-ல். 2024 ஜூலை 1-லிருந்து புதுச் சட்டங்கள், அதில் அது 194. கொலைக்கு 302 போய் 103 வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் இன்னும் 302 என்றுதான் பேசுகிறார்கள். அதனால் கல்லூரி ஆட்கள் பேச்சில் 302-ஐ அப்படியே விட்டேன், எஃப்.ஐ.ஆர். தாளில் மட்டும் புது நம்பர் போட்டேன். இப்படி வைத்ததில் எனக்கு நிஜமான திருப்தி.

கேட் பிரச்சினையைத் தீர்த்தது மாங்காய்.

முதலில் கொலை நடந்த மாதம் பிப்ரவரி. எதனால் என்று கேட்டால் காரணம் ஒன்றும் இல்லை, நான் எழுத உட்கார்ந்தது அந்த மாதம், அவ்வளவுதான். ஆனால் கிருஷ்ணகிரியில் கதையை வைத்துவிட்டு மாம்பழமே இல்லாமல் எழுதுவது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மா சீசனுக்குத் தள்ளலாம் என்றால் ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு, மே மாதம் விடுமுறை, அல்போன்சா வரும் நேரத்தில் கல்லூரி காலியாகக் கிடக்கும். நீலமும் பெங்களூராவும்தான் ஜூனில் வரும். அப்போது மாங்கூழ் ஆலைகளில் ராவும் பகலும் வேலை, ரோட்டில் வரிசையாக டிராக்டர். ஜூன் என்று எழுதிப் பார்த்த உடனே இன்னொன்று பிடிபட்டது. அது அட்மிஷன் காலம். கல்லூரி கேட் ஊருக்கே திறந்திருக்கும் ஒரே மாதம். அண்ணன் மகளுக்கு பி.காம். கிடைக்குமா என்று டி.சி., மார்க் ஷீட் ஜெராக்ஸை பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு எந்தப் பொம்பளையும் உள்ளே போகலாம், மரத்தடியில் நாள் முழுக்க உட்காரலாம், யார் எந்த அறையில் என்று கேட்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கல்யாண விசாரிப்பில் பதினைந்து வருஷம் பழகியவளுக்கு இந்த வேஷம் கைவந்த கலை. ஏழாம் அத்தியாயம் அன்றைக்கு ராத்திரியே முடிந்தது.

மாங்காயை வைத்து ஒரு தடயமும் செய்தேன். காம்பை ஒடித்தால் பீச்சும் சொனை தோலில் பட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ வெந்தமாதிரி கறுத்து, தோல் உரியும். கிணற்றுக்கு மேல் சாய்ந்திருக்கும் நீலம் மாமரத்துக் கிளையைக் கொலையாளி பிடித்துத் தொங்கியபோது மணிக்கட்டில் சொனை பட்டது; இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று பொய் சொல்கிறான்; செல்வராணி கண்டுபிடிக்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தூர் பக்கம் மாமா தோப்புக்குப் போனேன். நாலு காயைக் காம்பு ஒட்ட ஒடித்து இடது முழங்கைக்குக் கீழே தடவிக்கொண்டேன். திங்கட்கிழமை லேசான எரிச்சல். செவ்வாய்க்கிழமை அரையணா அகலத்துக்குக் கறுப்பு, ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். ஆபீஸில் எல்லோரும் எண்ணெய் தெறித்துவிட்டதா என்று கேட்டார்கள். தடயம் நிற்கிறது என்று சந்தோஷமாக மாமாவுக்குப் போன் செய்தேன்.

"அது சரிம்மா, சீசன்ல நம்ம ஊர்ல யார் கையில சொனைத் தழும்பு இல்ல?"

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமா சொன்னது முழுக்கச் சரி. மூன்று அத்தியாயம் அதை நம்பி எழுதியிருந்தேன், மூன்றையும் திரும்ப எழுதினேன். இப்போது அந்தத் தழும்பைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவது வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர். செல்வராணி அதைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடுகிறாள். வாசகரையும் இரண்டு அத்தியாயம் திசை திருப்ப அது பயன்படுகிறது.

அடுத்தது நேரம். சந்தேகத்துக்குரிய நாலு பேரில் ஒருவர் சாயங்காலம் கேட்டைத் தாண்டி வெளியே போனது கேமராவில் இருக்கிறது. அந்தக் கேமராக் கடிகாரம் தப்பு என்பது முடிச்சு. முதலில் ஒரு மணி நேரம் தப்பு என்று வைத்திருந்தேன். தம்பி படித்துவிட்டு, ஒரு மணி நேரம் தப்பாக ஓடினால் முதல் நாளே எவனாவது பார்த்துச் சொல்லியிருப்பானே என்றான். அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு ஒரு நாள் கோர்ட் தெருவில் ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தபோது கடைக்காரர் தலைக்கு மேலே இருந்த மானிட்டரைப் பார்த்தேன். அதில் 10:41. என் செல்லில் 10:52. அண்ணே, உங்க கேமரா டைம் பின்னாடி போகுதே என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நெட்ல கோத்திருந்தா தானா சரி பண்ணிக்கும்மா. இது தனியா கெடக்குது, கொஞ்சங்கொஞ்சமா பின்னாடி போயிட்டே இருக்கும். யாரு பாக்கறாங்க?"

பதினொரு நிமிஷம். யார் கண்ணையும் உறுத்தாத அளவு, ஒரு ஆளைக் கொல்லப் போதுமான அளவு. அந்த ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். கேமராவில் அவர் வெளியேறியது 5:57, அப்படியானால் நிஜத்தில் 6:08. நூலகப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வாட்ச்மேனுக்குக் கேட்டது சரியாக ஆறு மணிக்கு. கிணற்றிலிருந்து கேட்டுக்கு வர எத்தனை நேரம் என்று நான் படித்த கல்லூரி மைதானத்தில் அதே தூரத்தை அளந்து நடந்து பார்த்தேன், வேக நடையில் மூன்று நிமிஷம். மீதி ஐந்து நிமிஷம் இருக்கிறது. செல்வராணிக்கு இதைக் கண்டுபிடிக்க எந்த அதிகாரமும் தேவையில்லை. அட்மிஷன் பாரம் வாங்க வரிசையில் நிற்கும்போது செக்யூரிட்டி அறை ஜன்னல் வழியாக மானிட்டரைப் பார்க்கிறாள், கையில் இருக்கும் செல்லைப் பார்க்கிறாள். அவ்வளவே.

(கடைசி அத்தியாயத்தில் அவள் பென் டிரைவைத் தூக்கிக் காட்டுவதாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதையும் எடுத்துவிட்டேன். கேமராப் பதிவு கோர்ட்டில் நிற்க புதுச் சாட்சியச் சட்டம் 63-ன்படி சர்டிபிகேட் வேண்டும், பதிவில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டும் ஹாஷ் நம்பரோடு. அதை அடித்து அடித்து எனக்கே மனப்பாடம். பென் டிரைவைத் தூக்கிக் காட்டினால் சார் மறுபடி வட்டம் போடுவார்.)

ஆறு மணி என்று வாட்ச்மேனுக்கு எப்படித் தெரியும்? ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாங்கூழ் ஆலையில் ஷிப்டு மாறும் சங்கு. அந்தச் சங்கு ஓய்கிற நேரத்தில் நூலகத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் "இல்லப்பா" என்று மறுத்ததாக அவர் சாட்சி சொல்கிறார். யாரோ எதையோ கேட்டிருக்கிறார்கள், நூலகர் இல்லையென்று சொல்லியிருக்கிறார், பணத் தகராறு என்று போலீஸ் போகிறது. ஆனால் அங்கே சொல்லப்பட்டது "இல்லி பா". கன்னடத்தில் இங்கே வா. நூலகர் மறுக்கவில்லை. அவரை யாரோ கிணற்றடிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதை வெளியே சொன்னால் கதை கெட்டுவிடாது. நாலு பேரில் மூன்று பேருக்குக் கன்னடம் தெரியும், கூப்பிட்டது யார் என்பதற்கு இன்னும் ஒன்பது அத்தியாயம் இருக்கிறது.

இந்தத் தடயம் எனக்குக் கிடைத்ததே இந்த மண்ணால்தான் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஒரே தண்ணீர்க் குழாயில் சண்டை போடும். ஆனால் அதே காரணத்தால் ஒரு சிக்கலும் வந்தது. ஓசூரில் இருக்கும் என் தோழி படித்துவிட்டு, "இந்தப் பக்கத்து வாட்ச்மேனுக்கு இல்லி பா தெரியாதாடி? பால்காரனே அப்படித்தானே கூப்பிடுவான்" என்றாள். வாட்ச்மேனைக் கன்னடம் பழகாத அரூர்க்காரராக மாற்றினேன். வேலைக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது என்றும் சேர்த்தேன். அம்மாவுக்குப் பிறந்த ஊர் அரூர் பக்கம், அந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பழக்கம்.

இருந்தாலும் காது அப்படி ஏமாறுமா என்று பார்க்காமல் எழுத மனசு வரவில்லை. தோழி லீவில் வந்திருந்தபோது மூன்று பேரும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். அம்மாவைச் சுவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. தோழி சுவருக்கு அந்தப் பக்கம் ஐம்பது அடி தள்ளி நின்றாள். செல்லில் ஒரு சங்குச் சத்தத்தை முழுசாக வைத்தேன், அது இறங்கும்போது அவள் கத்தினாள். பத்து தடவை. ஏழு தடவை அம்மா சொன்னது "இல்லப்பா". இரண்டு தடவை ஒன்றும் புரியவில்லை என்றாள். ஒரு தடவை "எல்லப்பா, ஆள் பேரா?" என்றாள். அந்த எல்லப்பாவையும் விடவில்லை, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் போலீஸ் அந்தப் பேரில் ஒரு ஆளைத் தேடி ஒரு நாளை வீணாக்குகிறது.

இப்போது மீதி இருக்கும் வேலையில் பெரியது வெளிச்சம். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய ஆறே முக்கால் ஆகிவிடும். ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம். குரல் கேட்ட வாட்ச்மேன் எட்டிப் பார்த்திருந்தால் ஆளையே பார்த்திருப்பார். ஆறாம் அத்தியாயத்தில் இருட்டு என்று எழுதியிருந்தேன், அதை மாற்ற வேண்டும். அவர் ஏன் எழுந்து போகவில்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அதுவும் அவரைச் சோம்பேறியாக்காத காரணம். ஆறு மணிக்கு அட்மிஷன் பாரம் வாங்க வந்தவர்களை வெளியே அனுப்பிக் கேட்டை இழுக்கிற நேரம், அவரால் அசைய முடியாது என்று யோசித்து வைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

போன வாரம் அம்மாவுக்குப் பதினாறாம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். செல்வராணி வாட்ச்மேனிடம் வந்து, நீங்க கேட்டது இல்லப்பா இல்லைங்க, வேற வார்த்தை என்று சொல்லும் இடம். நான் அதைக் கதையின் உச்சம் என்று நினைத்துக் குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "அப்ப அந்த மனுஷன் போலீஸ்ல பொய் சொன்னதா ஆயிடுமா? வேலைய விட்டு எடுத்துடுவாங்களா?"

அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அவர் அந்த அத்தியாயத்தோடு கதையை விட்டுப் போய்விடுவதாக இருந்தது. பதினெட்டாம் அத்தியாயம் இப்போது அவர் வீட்டில் ஆரம்பிக்கிறது. அரூர் பஸ்ஸில் செல்வராணி போகிறாள், மடியில் ஒரு பை நீலம். அவர் வாசல் திண்ணையில் யூனிஃபார்ம் சட்டையைக் காயப் போட்டிருக்கிறார். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதை இன்றைக்கு ஒன்பதரைக்கு மேல் எழுத வேண்டும்.