ஸ்பெக்ட்ரல் திருத்தத்தில் தெரிவைச் செதுக்குதல்: ஒரு செய்முறைத் தேர்வுக்குத் தயாரான அனுபவம்

ஒலித் தொகுப்புப் படிப்பின் இறுதிச் செய்முறைத் தேர்வில் எங்களுக்குத் தரப்படவிருந்தது, பேச்சுப் பதிவு ஒன்றில் கலந்திருக்கும் தொலைபேசி மணி, நாற்காலிக் கிறீச்சொலி, இருமல் போன்றவற்றைக் குரலுக்குச் சேதமில்லாமல் நீக்கும் பணி. இதே பணிக்குத் தயாராகிறவர்களுக்காக, நான் பிழை செய்து திருந்திய இடங்களை இங்கே எழுதுகிறேன். குழப்பம் நேராதிருக்க, தேர்வு என்ற சொல்லைப் பரீட்சைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் காட்டும் ஒலிப்படமான ஸ்பெக்ட்ரோகிராமில் நாம் வளைத்துப் பிடிக்கும் பகுதியைத் தெரிவு என்றே குறிப்பிடுகிறேன்.

மாதிரித் தேர்வில் நான் சத்தங்கள் அனைத்தையும் நீக்கியிருந்தேன். மதிப்பெண்ணோ மிகக் குறைவாக வந்தது. காரணத்தை ஆசிரியர் காதாலேயே உணரவைத்தார். மூலப் பதிவையும் நான் திருத்திய பதிவையும் அடுத்தடுத்த தடங்களில் நேராக வைத்து, ஒன்றின் துருவத்தை, அதாவது ஒலியலையின் மேடு பள்ளங்களை, தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டார். இரண்டிலும் பொதுவானவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நான் நீக்கியவை மட்டும் கேட்டன. நாற்காலி கேட்டது, அதோடு பேசியவரின் சொற்களும் தெளிவாகக் கேட்டன. அன்று முதல் ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்தேன். நீக்கியவற்றுக்குள் ஒரு சொல்லை அடையாளம் காண முடிகிறது என்றால், தெரிவு தேவைக்கு மேல் அகன்றிருந்தது என்று பொருள்.

தெரிவைச் செதுக்குவது, எதிலிருந்து செதுக்குகிறோமோ அந்தப் படத்தைச் சரிசெய்வதில் தொடங்குகிறது. இதற்கு நான் வெகுநாள் கவனம் கொடுக்கவில்லை. எஃப்எஃப்டி அளவு, அதாவது படத்தை வரைய மென்பொருள் ஒரே முறையில் எடுத்துக்கொள்ளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, பெரிதாக இருந்தால் அதிர்வெண் துல்லியமாகவும் நேரம் மங்கலாகவும் தெரியும். சிறிதாக இருந்தால் நிலை தலைகீழாகும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 2048 என்ற அளவு சுமார் 43 மில்லிவினாடிகளை ஒரே துண்டாக எடுத்து, அதிர்வெண்ணைச் சுமார் 23 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரிக்கிறது. 8192 ஆக்கினால் இடைவெளி 6 ஹெர்ட்ஸ் அளவுக்குக் குறையும், ஆனால் துண்டின் நீளம் 170 மில்லிவினாடிகளாக நீளும். ஆகவே, கிடைக்கோடுகளாகத் தெரியும் மணியோசைக்குப் பெரிய அளவும், செங்குத்துக் கோடாகத் தெரியும் சொடுக்கொலிக்கு 512 போன்ற சிறிய அளவும் பொருந்தும். ஒரே அமைப்பில் எல்லாவற்றையும் பிடிக்க முயன்றதால்தான், படத்தில் தடித்துத் தெரிந்த மங்கலைச் சத்தத்தின் உண்மையான அகலம் என்று நம்பி, அதையும் சேர்த்து வளைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மிகுதியாகப் பலன் தந்த பழக்கம் கழித்தல். அடோபி ஆடிஷன், ஐசோடோப் ஆர்எக்ஸ் ஆகிய ஒலித்திருத்த மென்பொருள்களில் ஷிஃப்ட் விசை தெரிவோடு சேர்க்கும். ஆல்ட் விசை தெரிவிலிருந்து கழிக்கும். கையால் வரைந்து வளைக்கும் லாசோ கருவியால் ஒரே வீச்சில் சரியாக வளைக்க முயன்றால் கை நடுங்கும், நேரமும் வீணாகும். முதலில் கிறீச்சொலி முழுவதையும் தாராளமாகச் சூழ்ந்துகொண்டு, பிறகு அதற்குள் குறுக்கிடும் குரலின் ஹார்மோனிக் கோடுகளை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளை) ஒவ்வொன்றாகக் கழித்துவிடுவதே எனக்கு எளிதாக இருந்தது. குரலின் கோடுகளை இனங்காண ஒரு வழி உண்டு. அடிப்படை அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் என்றால் 400, 600, 800 என்று சம இடைவெளியில் அவை அடுக்கடுக்காக எழும்பி, பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு எல்லாமே சேர்ந்து வளையும். அந்த அடுக்கோடு சேர்ந்து அசையாத கோடு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததுதான். நாற்காலிச் சத்தத்துக்கும் தனி அடுக்கு இருக்கலாம். கீழ்க்கோட்டை மட்டும் நீக்கிவிட்டு மேல்கோடுகளை மறந்தால் மெல்லிய விசில் போன்ற ஓசை எஞ்சும்.

ஆனால் இறுக்கமான தெரிவுதான் எப்போதும் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இந்த எதிர்ப்பிழையையும் நான் செய்தேன். ஒலியளவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இறுக்கமாகப் பிடிக்கலாம். சுற்றுப்புறத்தைப் பார்த்து மென்பொருளே இடைவெளியை நிரப்பும் முறையைப் பயன்படுத்தும்போது, சத்தத்தின் ஓரம் தெரிவுக்கு வெளியே சிறிதளவு விடுபட்டாலும், அந்த ஓரத்தையே மாதிரியாகக் கொண்டு மென்பொருள் சத்தத்தை மறுபடி உள்ளே வரைந்துவிடும். அப்போது தெரிவைச் சத்தத்தின் எல்லையைத் தாண்டிச் சற்றே விரிக்க வேண்டும். விளிம்பைப் படிப்படியாக மங்கச்செய்யும் ஃபெதரிங் வசதியையும் அளவோடு சேர்த்துக்கொண்டால், திருத்திய இடத்தின் தொடக்கமும் முடிவும் துண்டித்ததுபோலக் கேட்காது.

தெரிவு தயாரானதும், செயல்படுத்தும் முன்பாகத் தெரிந்தெடுத்த அதிர்வெண்களை மட்டும் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். ‘ஸ’ போன்ற உரசொலிகள் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் புகைபோலப் பரவியிருப்பதால் கண்ணுக்கு வெறும் இரைச்சலாகவே தோன்றும். காதுதான் அவற்றைக் காப்பாற்றும்.

இறுதித் தேர்வில் மணியோசை ஒரு நெடில் உயிரின் மீது சரியாக விழுந்திருந்தது. அதன் கோடுகளில் இரண்டு, குரலின் வலுவான ஹார்மோனிக்குகளோடு ஒட்டியே ஓடின. மற்ற கோடுகளை நீக்கிவிட்டு அந்த இடத்தைத் திரையைப் பாராமல் கேட்டேன். எஞ்சிய இரண்டையும் குரலே மறைத்துவிட்டிருந்தது. படத்தில் அவை பளிச்சென்று தெரிந்தபோதும், தொடாமல் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன். அந்தத் திருத்தத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.