டூஃபோ வரைஞ்ச கடலோர ஊரு

ஹெய்ட்டி நாட்டு ஓவியங்கள பாக்க ஆரம்பிச்சவங்க யாரா இருந்தாலும் ஒரு கட்டத்துல ப்ரெஃபெட் டூஃபோகிட்ட வந்து நின்னுடுவாங்க. 1923ல ஜாக்மெல்ங்கிற கடலோர நகரத்துக்குப் பக்கத்துல சிவாடியேங்கிற சின்ன ஊர்ல பொறந்தவர், அப்பா படகு கட்டுறவர், இவரும் அப்பா கூட சேர்ந்து அதே வேலைதான் பாத்திருக்கார், ஓவியம்னு யார்கிட்டயும் முறையா கத்துக்கல. 2012ல தன்னோட 89வது வயசுல இறந்து போற வரைக்கும் அவர் அதிகமா வரைஞ்சது ஒரே ஒரு ஊரத்தான். கடல், மலை, படகு, குட்டிக் குட்டியா வீடு. பாத்தா ஜாக்மெல் மாதிரியே இருக்கும், ஆனா அப்படி ஒரு ஜாக்மெல் எங்கயும் கிடையாது.

அவரோட கற்பனை நகரப் படம் ஒண்ண எடுத்து பொறுமையா பாருங்க. கடல்லேர்ந்து செங்குத்தா மலை எழும்பி நிக்கும், பம்பரத்துல சாட்டைய சுத்துன மாதிரி மலைய சுத்தி சுத்தி ரோடு ஏறும், ரோட்டோரம் பூரா வீடு, நடுவுல எங்கயாவது ஒரு சர்ச். ஒரு மலை உச்சியிலேர்ந்து அடுத்த மலைக்கு பாலம், அந்தப் பாலத்துக்குக் கீழ பாய்மரப் படகு போகும், மேல ஆளுங்க நடந்துகிட்டு இருப்பாங்க. அந்த ஆளுங்கள கவனிங்க, ஒவ்வொருத்தரும் எறும்பளவுதான் இருப்பாங்க, ஆனா சட்டைக்கு ஒரு கலரு, பாவாடைக்கு ஒரு கலருன்னு ஒருத்தரயும் விடாம தனித்தனியா தீட்டியிருப்பார். நீலமும் பச்சையும் மஞ்சளும் அப்படியே பளிச்சுன்னு, எதையும் மங்க விடவே மாட்டார்.

எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். பொதுவா தூரத்துல இருக்குற மலைய மங்கலா காட்டுவாங்க, தூரத்துல நிக்கிற மனுஷன சின்ன புள்ளியாக்கிடுவாங்க, அப்படித்தான் வரையணும்னு சொல்லியும் குடுப்பாங்க. டூஃபோ படத்துல பக்கத்துல படகுத்துறையில நிக்கிறவரும் சரி, கடைசி மலை உச்சியில நிக்கிறவரும் சரி, ஏறக்குறைய ஒரே சைஸ்தான், ஒரே தெளிவுதான். படிக்காதவர் அதனால அப்படி வரைஞ்சிட்டார்னு சிலர் லேசா சொல்லிட்டுப் போறாங்க, எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல. அந்தப் பாலங்கள எப்படி நிறுத்தியிருக்கார்னு பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் முட்டு குடுத்து, கைப்பிடி வச்சு, படி வச்சு, மரத்த இழைச்சு படகு கட்டுனவரோட கை அது. எங்க எது நிக்கும் எது விழும்னு தெரிஞ்சவர்தான் இவ்வளவு துணிச்சலா ஒரு ஊர அந்தரத்துல தொங்க விட முடியும்.

மாதா தனக்கு காட்சி குடுத்து வரையச் சொன்னாங்கன்னு அவரே சொல்லியிருக்கார். அதே மனுஷன் ஹெய்ட்டி மக்களோட வோடூங்கிற மதத்து சாமிகளயும் வரைஞ்சிருக்கார், அந்த மண்ணுல கிறிஸ்தவமும் வோடூவும் ஒண்ணோட ஒண்ணு கலந்துதான் கிடக்குது.

அவர் வெளிய தெரிய வந்ததுக்குக் காரணம் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ்ல இருந்த சென்டர் தார்ங்கிற கலை மையம். இங்கிலீஷ் வாத்தியாரா ஹெய்ட்டிக்கு வந்த அமெரிக்க ஓவியர் டெவிட் பீட்டர்ஸ் 1944ல ஆரம்பிச்சது. அங்க வந்து சேந்த ஆளுங்கள பாத்தாலே சந்தோஷமா இருக்கும், ரிகோ பெனுவா டாக்ஸி ஓட்டுனவர், எக்தோர் இப்போலித் வோடூ பூசாரி, கோழி இறகால பெயின்ட் அடிச்சவர், காஸ்தேரா பாஸீல் பீட்டர்ஸ் வீட்லயே வேலை பாத்தவர். 1950 வாக்குல செயின்ட் ட்ரினிட்டி கதீட்ரல் உள்சுவத்துல பைபிள் காட்சிகள வரையுற வேலைய இந்த மாதிரி ஆளுங்ககிட்டதான் நம்பிக் குடுத்தாங்க, முட்டைக்கருவுல வண்ணத்த குழைச்சு சுவத்துல தீட்டியிருக்காங்க. பைபிள் கதையில வர்றவங்க எல்லாம் ஹெய்ட்டி முகத்தோட, ஹெய்ட்டி ஊருக்குள்ளயே நடமாடுவாங்க. டூஃபோ வரைஞ்சதுல ஒண்ணு தெரு ஊர்வலம்.

2010 ஜனவரி 12ல பூகம்பம் வந்துச்சு, 7.0 ரிக்டர்னு சொன்னாங்க, அந்த நாட்டையே புரட்டிப் போட்டுடுச்சு. கதீட்ரலும் விழுந்துடுச்சு. மொத்தம் 14 சுவரோவியம் இருந்ததுல 3தான் தப்பிச்சு நின்னுச்சு, ஃபிலோமே ஓபினோட கடைசி இராவுணவு, பாஸீலோட ஞானஸ்நானம், அப்புறம் டூஃபோவோட அந்த ஊர்வலம். அப்ப அவருக்கு 87 வயசு, உயிரோடதான் இருந்தார். கூட வேலை பாத்த கூட்டாளிங்க வரைஞ்சதுல பெரும்பாலானது மண்ணோட மண்ணாப் போனத ஒருத்தர் அந்த வயசுல பாக்குறது எவ்வளவு பெரிய பாரம், நினைச்சாலே மனசு கனத்துப் போகுது. அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் ஹெய்ட்டி ஆளுங்களோட சேந்து அந்த மூணையும் சுவத்திலேர்ந்து துண்டு துண்டா அறுத்து எடுத்து பத்திரப்படுத்துச்சு, திறந்தவெளியில மழை வந்தா கரைஞ்சிடும்னு அவசர அவசரமா நடந்த வேலை அது, செஞ்சவங்களுக்கு கோடி புண்ணியம்.

அவர் படங்கள நெட்ல தேடுறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், சின்ன சைஸ்ல பாத்துட்டு நகந்துடாதீங்க, ஒண்ணும் தெரியாது. பெரிய ஃபைலா கிடைச்சா ஸூம் பண்ணி கீழ படகுத்துறையிலேர்ந்து ஆரம்பிச்சு ரோட்ட பிடிச்சே மேல ஏறுங்க. ஹெய்ட்டி மார்க்கெட்ல அவர் பாணிய காப்பியடிச்ச படங்களும் எக்கச்சக்கமா இருக்கு, அதுல ரோடு பாதியிலயே எங்கயோ காணாமப் போயிடும், டூஃபோவோட ரோடு பெரும்பாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசல்ல கொண்டுபோய் விடும்.