அவர் திருப்பிக் கேட்ட கேள்வி

"தள்ளுபடி போக விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்குமா, சார்?"

நேர்முகத் தேர்வில் அந்தப் பெண் என்னைத் திருப்பிக் கேட்டது இது. "நான் கேட்டது நிரலைப் பற்றி" என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அதன்பின் அவர் தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

ஒரு துணிக்கடையின் கணக்கு மென்பொருளில் இருக்கும் வாடிக்கையாளர் தள்ளுபடியை, அவர்களின் இணையக் கடையை ஓட்டும் மெஜெண்டோ என்ற மென்பொருளுக்குள் கொண்டுவர எங்கே கை வைப்பீர்கள் என்பதுதான் என் கேள்வி. மூல நிரலைத் தொடாமல் தனி மாட்யூல், அதாவது கூடுதல் நிரல்தொகுதி, எழுத வேண்டும். நிரலின் ஒரு பகுதியான ஒரே கிளாஸுக்கு இரண்டு மாட்யூல்கள் ப்ரிஃபரன்ஸ், அதாவது முழு மாற்று, எழுதினால் கடைசியாக ஏறியதுதான் நிற்கும், மற்றது சத்தமில்லாமல் செத்துப்போகும். மாற்றாமல் கூடவே ஒட்டிக்கொள்ளும் ப்ளகின் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இதில் பாதி அவருக்குத் தெரியவில்லை. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே பிஎச்பி நிரல்மொழி கற்றவர். அடுத்து வந்த இளைஞர், மொத்தத் தொகையைக் கூட்டும் வரிசையில் தள்ளுபடி எங்கே, வரி எங்கே என்பதுவரை சொன்னார். அவரைத்தான் எடுத்தோம்.

அவர் எழுதிய நிரலில் இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைக் கேட்டபடி செய்திருந்தார். ஆனால் அன்றைய ஜிஎஸ்டி விதிப்படி, ஆயத்த ஆடை ஒன்றின் விற்பனை மதிப்பு 1000 ரூபாய்க்குள் இருந்தால் வரி 5 சதவீதம், தாண்டினால் 12. வரிக்கு முன் 1200 ரூபாய் விலையுள்ள சட்டைக்கு 20 சதவீதம் தள்ளினால் 960. வரி 48 ரூபாய். மெஜெண்டோவில் வரி வகுப்பு பொருளோடு ஒட்டியிருப்பது. விலை குறைந்தாலும் தானாக மாறாது. நாங்கள் 960-க்கும் 12 சதவீதம் போட்டு 115 ரூபாய் 20 காசு வாங்கிக்கொண்டிருந்தோம். கடையின் கணக்கர் பில்லை நீட்டியபோதுதான் எனக்கு அந்தப் பெண்ணின் கேள்வி புரிந்தது.

என் முடிவு தவறா? மெஜெண்டோ ஒரு வாரத்தில் பிடிபடுவதில்லை. ஒரே பொருளின் பெயர் ஓர் அட்டவணையிலும் விலை இன்னொன்றிலும் கிடக்கும். பழக்கிவிட எங்களிடம் நேரமில்லை. அந்தப் பெண்ணை எடுத்திருந்தால் வேறு பிழைகள் வந்திருக்கும். கடைக்காரரும் இதை எங்களிடம் சொல்லவில்லை. எல்லாம் சரிதான். ஆனால் தேவை ஆவணத்தை நான் மூன்று முறை படித்தேன். எனக்குத் தோன்றாதது அந்தப் பெண்ணுக்கு அரை நிமிடத்தில் தோன்றியது. வாயைத் திறந்த ஒருவரின் வாயை நான் அடைத்தேன்.

இப்போதும் தேர்வுகளில் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன், வரியைப் பற்றி ஒன்று சேர்த்து. அதில் பயனிருக்குமா என்று தெரியவில்லை. அடுத்த முறை சிக்கல் வரியில் வராது; சரக்கைத் திருப்பி வாங்குவதிலோ கையிருப்பிலோ வரும். அதை முன்கூட்டியே கேட்கத் தெரிந்திருந்தால், அந்தக் கேள்வியை நானே கேட்டிருப்பேனே.

அன்று அந்தப் பெண்ணுடைய மதிப்பீட்டுப் படிவத்தில், "கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை" என்று எழுதினேன். எழுதியது பொய்யில்லை.