படிவத்தில் இல்லாத ஒரு சொல்

திருகோணமலையில் சீ.ரி. ஸ்கான் அறையில் பணிபுரியும் எனக்கு, வைத்தியர் அனுப்பும் படிவத்தில் உள்ள இரண்டொரு சொற்கள்தான் நோயாளியைப் பற்றிய முதல் அறிமுகம். திருக்கடலூரிலிருந்து 17 வயதுப் பையன் ஒருவன் முதன்முறை வந்தபோது, படிவத்தில் 'மயக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தது. தலையைப் படமெடுத்தேன், மூளையில் குறையேதும் தென்படவில்லை. வெயிலால் வந்த மயக்கம் என்று முதலில் பார்த்த இடத்தில் சொன்னதை நானும் நம்பி, ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பிவிட்டேன். அதை இன்றுவரை என் தவறாகவே எண்ணுகிறேன்.

மூன்று மாதம் கழித்து, இதய நாடிகளைப் படமெடுக்குமாறு எழுதப்பட்ட படிவத்தோடு அவன் மறுபடி வந்தான்.

"மிஸ், ஈ.சி.ஜி. நல்லம் எண்டுதானே சொன்னவை, பிறகென்னத்துக்கு இது?" என்றார் தகப்பன்.

அன்றுதான் பையனிடம் எப்போது விழுந்தாய் என்று கேட்டேன். "பந்தோட ஓடிக்கொண்டிருக்கேக்க, மிஸ். ரெண்டு தரமும் அப்பிடித்தான்."

வெயிலில் நின்று மயங்குவதும் ஓட்டத்தின் நடுவே சாய்வதும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகள் இரண்டும் பெருநாடியின் அடியிலுள்ள குழிவுகளில் தனித்தனியே தோன்றுகின்றன; நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்குப் பிறப்பிலேயே இந்த அமைப்பு மாறியிருக்கும். பெரும்பாலான மாற்றங்களால் தீங்கில்லை. அஞ்சவேண்டியது, இடது நாடி வலது குழிவில் தோன்றி, பெருநாடிக்கும் சுவாசப்பை நாடிக்கும் இடையால் செல்வது. அதன் வாய் கீறல்போல ஒடுங்கியிருக்கும். தொடக்கத் துண்டு பெரும்பாலும் பெருநாடியின் சுவருக்குள்ளேயே ஓடும். ஓடும்போது பெருநாடி விரிவதால் அத்துண்டு நெருக்குண்டு, இதயத் தசைக்கு இரத்தம் மிகத் தேவைப்படும் வேளையிலேயே வரத்துக் குறைந்துவிடும். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. பல வேளைகளில் ஒழுங்காக இருப்பதற்குக் காரணமும் இதுவே. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் 1988இல், தம் 40ஆவது வயதில் விளையாடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அவருக்கு இடது நாடியே இல்லையென்பது பிரேத பரிசோதனையில்தான் தெரியவந்தது.

பையனின் துடிப்பு நிமிடத்துக்கு 84 ஆக இருந்தது. வைத்தியர் துடிப்பைத் தணிக்கும் மெட்டோபுரோலோல் மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் காக்கவைத்தபின் 58க்கு இறங்கியது. இளவயது என்பதால், இதயம் தளர்ந்திருக்கும் கணத்தில் மட்டும் கதிர் பாயுமாறு அமைத்தேன். சங்கு குளிக்கும் குடும்பத்துப் பிள்ளை. மூச்சைப் பிடி என்றதும் நெஞ்சு கல்லாய் நின்றது. அத்தனை அசைவற்ற படம் எனக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது.

0.6 மில்லிமீற்றர் துண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டி, இடது குழிவில் நாடியின் வாயைத் தேடினேன். வழுவழுப்பான சுவரே தெரிந்தது. வலது குழிவில் இரண்டு வாய்கள். அவற்றில் ஒன்றிலிருந்து மெலிந்த வெள்ளைக் கோடொன்று இரு பெருங்குழாய்களுக்கும் நடுவே நுழைந்து சென்றது. அவன் மேசையிலிருந்து இறங்குமுன்னரே வைத்தியரை அழைத்தேன்.

அறுவைச் சிகிச்சைக்காக அவனைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதன்பின் 'மயக்கம்' என்று மட்டும் எழுதிய படிவம் வந்தால், என்ன செய்துகொண்டிருக்கும்போது என்று கேட்டு, அதே படிவத்தில் எழுதிவைத்த பிறகே கதவைச் சாத்துகிறேன். சில வாரங்களில் அந்தத் தகப்பன் இளைய மகனையும் எக்கோ எனும் இதய ஒலியலைப் பரிசோதனை பார்க்கக் கூட்டிவந்திருந்தார். வரிசையில் நின்றபடி என்னைக் கண்டு, "இவனும் பந்தடிக்கிறவன், மிஸ்" என்றார்.