வெள்ளிக்கிழமை நண்பகலில் ஒரு கருத்துக்கேட்பு

எங்கள் தெருக்களில் மழைநீர் வடிகாலும் சாலை மேம்பாடும் ஒருவழியாகத் தொடங்கிவிட்டன. நாங்கள் கேட்டபடி பாதி, உள்ளாட்சி அலுவலகத்தார் நினைத்தபடி பாதி. அந்தப் பாதியை வாங்குவதற்குள் எனக்கு இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது.

முதல் கருத்துக்கேட்புக் கூட்டம் போன ஆகஸ்டில், ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு. பாக் நீரிணைக் கரையில் பாதிக்குமேல் முஸ்லிம்கள் வாழும் ஊரில் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கூட்டம்! அறிவிப்பை அலுவலகப் பலகையில் வரி பாக்கிப் பட்டியலுக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள். வந்தவர்கள் ஒன்பது பேர். நான்கு பேர் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். போனவுடன் ஒரு பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். வருகைக்குத்தானே என்று நானும் போட்டேன். மடத்தனம்.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "வடிகாலை இப்படி ஏன் திட்டமிட்டீர்கள்" என்று கேட்டேன். முப்பது நாள் கழித்து, கோரிய தகவல் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. 'ஏன்' என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். அடுத்த முறை தேதி போட்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலும் வருகைப் பதிவேட்டின் நகலும் வேண்டும் என்று எழுதினேன். இரண்டும் வந்தன. "பொதுமக்கள் ஏகமனதாக ஒப்புதல் அளித்தனர்" என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து! கூட்டம் முடிந்து தீர்மானத்தைப் படித்துக் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

அந்த நகலோடு ராமநாதபுரத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். ரசீது எண்ணைப் பத்திரமாக வைத்திருந்ததால் மறுகூட்டத்துக்கு உத்தரவு வந்தது. அதை எப்போது வைத்தார்கள் என்கிறீர்கள்? புதன்கிழமை காலை. இந்தப் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும். மீனவர் குடியிருப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. "ஒரு நாள் கடலுக்குப் போகாமல் இருந்தால் என்னம்மா?" என்றார் எழுத்தர். "ஒரு நாள் சம்பளமில்லாமல் நீங்கள் இருப்பீர்களா, சார்?" என்றேன். அதன் பிறகு அவர் என் மனுவைத் தேடி எடுக்கப் பத்து நிமிடம் கூடுதலாக ஆனது.

மூன்றாவது கூட்டத்தின் நாளை நாங்களே எழுதிக் கொடுத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான். மே மாதம், மாலை அசர் தொழுகைக்குப் பிறகு, அலுவலகத்தில் அல்ல, எங்கள் தெருத் திண்ணையில். அலுவலகக் கூடத்துக்கு வராத பெண்கள் நாற்பது பேருக்குமேல் வந்தார்கள். பொறியாளர் நல்ல மனிதர். வரைபடத்தைப் பாயில் விரித்துவிட்டு உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டு லாத்தா (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, டேப் இருக்கிறதா? என் வாசலை அளந்து பாருங்கள். மூன்று படி ஏறி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். இப்போது ஒரு படி இறங்கி வருகிறேன். இன்னொரு ரோடு போட்டீர்களென்றால் ஐப்பசி மழைக்குக் கட்டில்மேல்தான் சமைக்க வேண்டும்." அளந்தார். சாலை வாசலைவிட 22 சென்டிமீட்டர் உயரம். வடிகால் மட்டத்தைச் சாலையிலிருந்து கணக்கிட்டிருந்தார்களே தவிர, ஒரு வாசலைக்கூட அளக்கவில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது என்று அங்கேயே எழுதி வாங்கினோம்.

மீனவர்கள் பக்கம் அவ்வளவு வெற்றி இல்லை. வலை உலர்த்தும் மணல் வரைபடத்தில் 'காலி இடம்', அதில் பூங்கா. படகு நிறுத்துவதும் மீன் காயப்போடுவதும் மீனவர்களின் பொது இடம், அதை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பதைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைக் காட்டிப் பேசினோம். பாதி மணல் மிஞ்சியது. மீதியில் சிமென்ட் பெஞ்சுகள் வந்துவிட்டன. இப்போது அவற்றின்மேல்தான் வலை காய்கிறது.

போன வாரம் எங்கள் தெருவில் சுரண்டினார்கள். தாரும் ஜல்லியும் பெயர்ந்து, லாத்தா வீட்டு வாசலில் ஒரு கருங்கல் படி வெளியே வந்தது. நடு தேய்ந்த படி. இயந்திரக்காரர் நிறுத்தப் போனார். லாத்தா கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னும் இரண்டு இருக்கிறது, தம்பி."