தடைக்காலத்தில் தரங்கம்பாடி: தருமபுரிக்காரனின் கடற்கரைக் கணக்கு

ஒரு துண்டு வஞ்சிரம் வறுவலுக்கு 420 ரூபாய் கொடுத்த ரசீது இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஊர் திரும்பி இரண்டு நாளாகியும் அதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. அதற்கும் குறைவான பணத்தில் நாங்கள் நால்வரும் வயிறார மீன் சாப்பிட முடியும் என்பது மறுநாளே தெரிந்துவிட்டதுதான் எரிச்சலுக்குக் காரணம். கடலோரம் போனால் மீன் கொள்ளை மலிவாகக் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பும் எங்களைப் போன்ற உள்நாட்டுக்காரர்களுக்காக, கையைக் கடிக்காத சாப்பாட்டையும் பார்க்க வேண்டிய இடங்களையும் வரிசையாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன். வரிசை குலைந்தால் அந்த ரசீதைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

மாமாவுக்கு வைகாசியில் அறுபதாம் கல்யாணம். மார்க்கண்டேயனுக்காக இறைவன் காலனைக் காலால் உதைத்த தலம் என்பதால், திருக்கடையூரில் இந்தக் கல்யாணங்கள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. தங்க அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் மாமா பொறுப்பு என்றதும், பள்ளி விடுமுறைதானே, கூடவே மூன்று நாள் கடற்கரையைச் சுற்றிவிடலாம் என்று நானும் மனைவியும் கணக்குப் போட்டோம். மைசூரிலிருந்து மயிலாடுதுறைப் பக்கம் போகும் விரைவு ரயில் இரவில் தருமபுரியில் நிற்கிறது; ஏறிப் படுத்தால் விடியும்போது காவிரிப் படுகை வந்துவிடும். அம்மா மட்டும் ஒரு பெரிய பை நிறையச் செந்தூராவும் பெங்களூராவுமாக மாம்பழங்களை அடுக்கிக்கொண்டு வந்தார். அந்த ஊரில் மாம்பழம் விற்காதா என்று நான் சலித்துக்கொண்டேன். அந்தச் சலிப்புக்காகப் பின்னால் வெட்கப்பட நேர்ந்தது.

மயிலாடுதுறை நிலையத்தை விட்டு வெளியே வந்த நிமிடத்திலேயே ஓர் ஆட்டோக்காரர் பையைக் கையில் வாங்கிக்கொண்டார். திருக்கடையூருக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "ஆயிரத்து இருநூறு கொடுங்கண்ணே, கல்யாண சீசன்" என்றார். எண்ணூறுக்கு இறங்கியவர், அதற்குமேல் இறங்கினால் வண்டிக்குக் கட்டாது என்று பையைக் கீழே வைத்துவிட்டார். நாங்களும் நகரப் பேருந்தில் பேருந்து நிலையத்துக்குப் போய், செம்பனார்கோவில், ஆக்கூர் வழியாகப் போகும் வண்டியைப் பிடித்தோம். நகரப் பேருந்தில் அம்மாவுக்கும் மனைவிக்கும் கட்டணமில்லை. மகளிருக்கான இந்த இலவசப் பயணம் 2021இல் வந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பயணங்களில் நானும் மகனும்தான் செலவு வைக்கிறவர்கள் என்று மனைவி அடிக்கடி சொல்லிக்காட்டுவார். அன்று காலை நால்வரும் திருக்கடையூர் போய்ச் சேர ஆன மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கிற்று. ஆட்டோவில் போயிருந்தால் அதன் எட்டு மடங்கு.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து தம்பதிகள் கலசங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். புகையில் கண் எரிந்தது. மாமா அத்தைக்குத் தாலி கட்டியபோது அத்தைதான் வெட்கப்பட்டார். சாப்பாடு அருமை, எங்களுக்குச் செலவில்லை.

அன்று மாலை எட்டுக் கிலோமீட்டர் தெற்கே இருக்கும் தரங்கம்பாடிக்குப் போனோம். இருட்டிய பிறகு பசி வந்ததும், குளிரூட்டிய உணவகம் ஒன்றின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதுதான் நான் செய்த தவறு. விலைப்பட்டியலில் வஞ்சிரத்துக்கு நேராக விலையில்லை; அளவைப் பொறுத்தது என்று மட்டும் இருந்தது. கடலோரத்தில் அளவு பெரிதாகவே இருக்கும், விலை சிறிதாகவே இருக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். வந்ததோ உள்ளங்கையில் முக்கால் பாகம். ஓரம் கருகி, நடுவில் பஞ்சுபோல் சாரமற்று இருந்தது. ரசீதைப் பார்த்துவிட்டு, கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, இந்த விலையா என்று பரிமாறிய பையனிடம் கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தி, "சார், இது தடைக்காலம். இது மங்களூர்ப் பக்கம் ஐஸ்ல வந்த மீனு" என்றான்.

இந்த ஒன்றை விசாரிக்காமல் கிளம்பியது முழுக்க என் பிழை. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடுவதில்லை. மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்குகிறது என்பதால், மே மாதத்தில் ஆழ்கடல் மீன்கள் அங்கிருந்து ஐஸ்பெட்டியில் இந்தப் பக்கம் வருகின்றன. தருமபுரிச் சந்தையில் நாங்கள் வாங்குவதும் ஐஸ்பெட்டி மீன்தான். அதைத் தின்ன 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, இரட்டிப்பு விலை கொடுத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஆனால் தடை விசைப்படகுகளுக்குத்தான். சிறிய நாட்டுப் படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையை ஒட்டிப் போய் வருகின்றன. அவை கொண்டுவருவது வஞ்சிரமும் கொடுவாவும் அல்ல, மத்தி, கிழங்கான், காரப்பொடி, கொஞ்சம் நண்டு. அன்றன்றைக்குப் பிடித்த மீன் வேண்டுமென்றால் அவற்றைத்தான் தேட வேண்டும்.

மறுநாள் காலை அம்மாதான் வழி சொன்னார். "ஒகேனக்கல்ல என்ன பண்ணுவோம்? மீனை வாங்கிக் குடுத்தா ஆக்கித் தருவாங்க இல்ல? இங்க மட்டும் ஆக்கித்தர மாட்டாங்களா?" என்றார். எங்கள் மாவட்டத்தில் இது சாதாரண வழக்கம். அருவிக்கரையில் மீனை வாங்கி, அடுப்பு போட்டிருக்கும் பெண்களிடம் கொடுத்துவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். அந்த முறை கடலோரத்தில் செல்லுபடியாகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

படகுகள் கரையேறும் இடத்தில் ஒரு மூதாட்டி அலுமினியத் தட்டில் மத்தியும் கிழங்கானும் குவித்து வைத்திருந்தார். செதில்கள் வெயிலில் மின்னின. செவுளைத் தூக்கிப் பார்த்த அம்மா, ரத்தச் சிவப்பைக் கண்டதும் பேரத்தை மறந்துவிட்டார். இரண்டும் சேர்த்து 220 ரூபாய். சற்றுத் தள்ளி, வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்கு மதியச் சோறு ஆக்கும் கீற்றுக்கொட்டகை ஒன்று இருந்தது. அதை நடத்தும் அக்கா, சோறும் கூலியும் சேர்த்து 180 ரூபாய் கேட்டார். குழம்புக்கு மாங்காய் போட வேண்டும், கைவசம் இல்லையே என்று அவர் சொன்னபோது, அம்மா தன் பையைத் திறந்து, இன்னும் பழுக்காமல் விறைப்பாக இருந்த பெங்களூரா இரண்டை எடுத்து நீட்டினார். அக்கா அதை முகர்ந்து பார்த்தார். கிளிமூக்குப் போன்ற அதன் முனையைத் தடவிச் சிரித்தார். தோலோடு கீற்றுக் கீற்றாக அரிந்து, புளியைக் குறைத்து, கொதிக்கும் குழம்பில் போட்டார். மத்தியின் கொழுப்பு மேலே சிவப்பாக மிதக்க, மாங்காய்த் துண்டுகள் ஓரம் கரைந்தும் நடு கரையாமலும் இருந்த பதத்தில் சட்டியை இறக்கினார். கிழங்கானை முழுதாக மசாலா தடவி, இரும்புக் கல்லில் எண்ணெய் சிக்கனமாக விட்டுச் சுட்டு எடுத்தார். நால்வரும் மணலில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். மீன் முள்ளென்றாலே ஓடும் என் மகன் ஆறு மத்தி தின்றான். கிளம்பும்போது மூன்று செந்தூராப் பழங்களை அம்மா கொடுக்க, பதிலுக்கு இரண்டு கிழங்கான் கூடுதலாக இலையில் மடித்து வந்தது. ஆக மொத்தம் 400 ரூபாய். முந்தின இரவின் ஒரு துண்டு வஞ்சிரத்தைவிட இருபது ரூபாய் குறைவு. தரங்கம்பாடியில் சாப்பிட என் ஒரே பரிந்துரை இதுதான். ஆனால் மதியத்துக்கு மட்டும்தான், மாலையில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டியவை எல்லாம் அங்கே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன என்பது சிக்கனக்காரர்களுக்குப் பெரிய வசதி. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. மிளகு வாணிபத்துக்காக வந்தவர்கள், 225 ஆண்டு கழித்து, 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட மேல்தளத்தில் வீசும் காற்று எனக்குப் பிடித்தது. ராஜ வீதியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் இருக்கிறது. 1706இல் வந்து, தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர் அவர். 1718இல் கட்டிய அந்தக் கோயிலுக்குள்ளேயே மறு ஆண்டு அடக்கமும் ஆனார். கடற்கரையிலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலும் உண்டு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து சூரிய உதயம் பார்க்க ஒரு பைசா செலவில்லை.

பூம்புகாருக்குப் போனது எனக்காக. ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்துகொண்டு இரையும் காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது சிறு வயது ஆசை. நான் எதிர்பார்த்தது பெரிய முகத்துவாரம். கண்டது ஒரு வாய்க்கால் அகலத்தில் அசையாமல் கிடந்த உவர்நீர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல்தான் திறக்கிறார்கள். திறந்த பிறகும் தண்ணீரைக் கால்வாய்களும் வயல்களும் பங்கிட்டுக்கொள்ள, வெள்ளம் பெரும்பாலும் கொள்ளிடம் வழியாகவே போய்விடுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கொஞ்சம் நேரம் பேச்சு வரவில்லை. "இதுவா நம்ம காவேரி?" என்று மகன் கேட்டதற்கு அம்மா, "வர்ற வழியில எல்லாருக்கும் குடுத்துட்டு வந்திருக்கா" என்றார். 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் கற்சிற்பங்களில் கண்ணகி கதையை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகலாம்; மகனுக்குக் கதை சொல்ல வசதியாக இருந்தது. இங்கே சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்படியாக எதுவும் வாய்க்கவில்லை. அவித்த நிலக்கடலையோடு முடித்துக்கொண்டோம்.

சிதம்பரத்தில் ஒன்றுதான் சொல்வேன்: காலையில் இட்லிக்குக் கொத்சு கேளுங்கள். சுட்ட கத்திரிக்காயை மசித்து, புளியும் வறுத்து அரைத்த பொடியும் சேர்த்துச் செய்யும் அதன் முன் சாம்பாரும் சட்னியும் நிற்காது. சன்னதித் தெருவின் சிறிய கடையொன்றில் நால்வருக்கும் காபியோடு 230 ரூபாய் ஆயிற்று. நண்பகலில் நடராசர் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் கோயில், பிறகு பிச்சாவரம் என்று வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பரந்திருக்கும் இந்த அலையாத்திக் காடு 2022இல் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. படகுதான் எங்கள் பயணத்தின் பெரிய செலவு, ஆனாலும் வருத்தமில்லை. நம் பரிசலில் தட்டாமாலை சுற்றிப் பழகிய மகனுக்கு, துடுப்புப் படகு நேராகப் போவதே முதலில் ஏமாற்றமாக இருந்தது. சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் வளைந்து இறங்கி, மேலே கிளைகள் கூடிய குறுகிய ஓடைக்குள் நுழைந்ததும் அவனே வாயடைத்துப் போனான். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரத்தைப் படகோட்டி காட்டினார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கையை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னார்.

திரும்புவதற்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போகும் பேருந்தில் ஏறினோம். அந்தப் பேருந்தை என்னால் மன்னிக்க முடியாது. என் இருக்கை சட்டத்தோடு ஒட்டாமல், ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. சன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. ஆத்தூரைத் தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. காலடியில் வைத்திருந்த அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு நனைந்து, அதன் வாசனை வண்டி முழுக்கப் பரவியது. முன்னால் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி முறைத்தார், சண்டைக்குத் தயாரானேன். அவரோ, "என்ன வெலைங்க?" என்றார். 180 ரூபாய் என்றதும், எங்கே வாங்கினீர்கள் என்று சேலம் வரை கேட்டுக்கொண்டு வந்தார்.

தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வீடு சேர்ந்தபோது மணி ஒன்று. காலையில் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து நெத்திலியை உலரப் போட்டு, காக்கைக்குக் காவலாக மகனை உட்கார வைத்தோம். மதியம் அம்மா களி கிண்டி, கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். மாமாவுக்கும் ஒரு தூக்குவாளியில் கொடுத்தனுப்பினோம்.